அப்புறம் உங்க இஷ்டம்

எங்கள் ஊரில் தண்ணீர் மோட்டார் போடுகிறவர் எதற்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஒருமுறை மலைக்குக் கீழே செங்கத்தில் மலிவாகக் கிடைத்ததென்று மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு சுருள் வாங்கிவந்து, வீட்டு இணைப்புக்கு இது ஆகுமா என்று அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“போடலாம். தண்ணி வரும். அப்புறம் உங்க இஷ்டம்.”

முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொண்டு குழாயைப் போட்டேன். தண்ணீர் வந்தது. மழை பிடிப்பதற்குள் குழாய் வெடித்து, பக்கத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையிலிருந்து கால்வரை நனைந்தாள். அவர் சொன்னதில் மூன்றாவது வாக்கியம்தான் சேதி, முன்னால் வந்த இரண்டும் மரியாதைக்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அவர் என்னைவிட ரொம்ப மூத்தவர். சாதாரணமாக என்னை ‘இன்னாடா தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து எனக்கு ‘உங்க’ வந்தால், எங்கேயோ ஏதோ வெடிக்கப் போகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு இந்த மாதிரிப் பேச்சுகளைக் காதில் போட்டுக்கொள்வது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவனிடம் ‘எங்க போற’ என்று கேட்பதே ஆகாது. ‘தூரமா?’ என்றுதான் கேட்போம். கிளம்பிவிட்டவனுடைய வண்டி டயரில் காற்று இல்லையென்றாலும் பின்னாலிருந்து கூப்பிடமாட்டோம். அதனால் சொல்ல வேண்டியதை வேறு எதிலாவது சுருட்டி வைத்துச் சொல்ல எல்லாரும் கற்றிருக்கிறார்கள். பஸ் நிற்கிற இடத்தில் டிபன் கடை வைத்திருப்பவரிடம் பூரி இருக்கிறதா என்று கேட்டால், “பூரி இருக்குது. இட்லி சூடா இருக்குது” என்பார். பூரியை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. பைக் மெக்கானிக், “ஓட்டிட்டுப் போங்க, எறக்கத்துல மட்டும் பாத்து” என்றால் பிரேக் இல்லை. எங்கள் ஊரில் பாதி சாலை இறக்கம், மீதி ஏற்றம். என் மனைவி, “செய்ங்க” என்று ஒரே சொல்லாகச் சொன்னால், அதைச் செய்யக் கூடாது.

யாரும் மறைப்பதில்லை. எல்லாரும் சொல்லத்தான் சொல்கிறார்கள். கேட்கிற வேலைதான் நம்முடையது.

நான் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன். மிக்ஸி, டார்ச், சார்ஜர் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் வீடு. சிக்னல் கிடைக்கிற வளைவில் பைக்கை நிறுத்தி வீடியோக்களை இறக்கிக்கொண்டுவந்து, கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்து, ‘சி’ என்கிற மொழியில் புரோகிராம் எழுதப் பழகினேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு கிடைக்கிறது. லேப்டாப்பில் எழுதியதை அதில் ஏற்றிவிட்டால், விளக்கைப் போடுவது, விசிறியை நிறுத்துவது என்று சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சம்பளம் கேட்காது, கோபித்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகாது.

நாம் எழுதுவதை அந்த போர்டுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றிக் கொடுப்பது கம்பைலர் என்கிற மென்பொருள். நாம் எழுதியதில் அதற்குப் புரியாத இடம் ஏதாவது இருந்தால் எரர் என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். அது முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. திருத்தாமல் மேலே போக முடியாது. ஆனால் புரிகிறது, இருந்தாலும் ஏதோ இடிக்கிறது என்றால், வார்னிங் என்று ஒரு வரியை எழுதிவைத்துவிட்டு, வேலையை முடித்தே கொடுத்துவிடும். நாம் பாட்டுக்கு போர்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஓடவும் செய்யும்.

நான் பழகிய மென்பொருளில், வார்னிங் எந்த அளவுக்கு வேண்டும் என்று குறித்துவைக்க ஓர் இடம் இருக்கிறது. அதில் ‘எதுவும் வேண்டாம்’ என்று முதலிலிருந்தே குறித்துத்தான் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. ஆகவே ரொம்ப நாள் என் கம்பைலர் எங்கள் ஊர் ஆள் மாதிரி, கிளம்புகிறவனைப் பின்னால் கூப்பிடாமல் இருந்தது.

கோழிக்குஞ்சு வளர்க்கிற ஒருவருக்காக, குஞ்சுக் கூண்டின் விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி செய்து கொடுத்தபோதுதான் அது தெரிந்தது. கூண்டின் கதவு சாத்தியிருந்தால் விளக்கு எரிய வேண்டும், திறந்தால் அணைய வேண்டும். அணையவே இல்லை. ஒயரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், கதவையே மாற்றினேன். கடைசியில் ஒரு வீடியோவில் வார்னிங் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொன்னார்கள். திறந்தேன். உடனே வரி எண்ணோடு வந்து நின்றது. சமக்குறி இரண்டு போட வேண்டிய இடத்தில் நான் ஒன்று போட்டிருந்தேன். இரண்டு போட்டால் அது கேள்வி. ஒன்று போட்டால் கட்டளை. ‘கதவு சாத்தியிருக்கா, போய்ப் பாரு’ என்று அனுப்பினால், போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து ‘சாத்தியிருக்குது’ என்று சொல்கிற ஆளை நான் வேலைக்கு வைத்திருந்தேன். இதில் எனக்குப் பிடித்தது, கம்பைலர் அதைத் தப்பு என்றே சொல்லவில்லை. இப்படித்தான் வேண்டுமென்றால் சுற்றி ஒரு அடைப்புக்குறி போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னது. எனக்கு டிபன் கடைக்காரர் ஞாபகம் வந்தார்.

அன்றிலிருந்து வார்னிங்கை மூடவில்லை. ஆனால் திறந்துவைத்தால் இன்னொரு சிக்கல். நாம் எழுதுவது கொஞ்சம்தான். சென்சாரைப் படிக்க, நேரத்தைக் கணக்கிட என்று மற்றவர்கள் எழுதிவைத்ததை வாங்கிச் சேர்த்துக்கொள்வதுதான் மிச்சம். அதில் இருக்கிற இடிப்புகளுக்கும் சேர்த்து வார்னிங் வரும். திரை முழுக்கச் சிவப்பாக ஓடும். கொஞ்ச நாளில் எனக்கு அது பழகிப்போனது. டீ கொண்டுவந்த மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“இன்னாங்க இது, இவ்ளோ செகப்பு?”

“அது ஒண்ணுமில்ல. அடுத்தவங்க எழுதினதத் திட்டுது. நம்மள இல்ல. இது ஓடும்.”

“ஓடும்னா ஏன் பேசுது?”

நான் டீயைக் குடித்தேன்.

இனி மோட்டார்காரரின் கஷ்டத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குத் தண்ணீர் ஓடைக்கரைக் கிணற்றிலிருந்து மோட்டார் வழியாகப் பாறைமேல் கட்டிய தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வீடுகளுக்கு இறங்குகிறது. மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. முன்பு ஒரு தடவை மோட்டார் ரூம் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போனார். அந்த ஆள் சீட்டாட உட்கார்ந்து மோட்டாரை மறந்துவிட்டார். தொட்டி காலி. ஊரே குடத்தோடு ஓடைக்கு இறங்கியது. குடம் நிறைந்து ஏறி வரும்போது பெண்கள் பேசிய பேச்சு, மோட்டார்காரரின் குடும்பத்தில் பிறந்தவர்களோடு நிற்காமல் இனிப் பிறக்கப் போகிறவர்களையும் தொட்டது. அதற்குப் பிறகு சாவி அவர் அரைஞாண் கயிற்றுக்குப் போனது. குளிக்கும்போதும் அங்கேதான்.

அவருடைய ஒரே மகளைக் கீழே கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மாதா கோயிலில் தாலி கட்டுகிற வரைக்கும் இருந்தார். பந்திக்கு இல்லை. தொட்டி இறங்கியிருக்கும் என்று பஸ் ஏறிவிட்டார். சம்பந்தி வீட்டில் அன்றிலிருந்து அவருக்கு ‘மோட்டார் சம்பந்தி’ என்றே பெயர். இப்போது பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். மகள் போனில் என்ன சொன்னாள் என்பதை என் கடைக்கு வந்து, ஒரு பழைய மிக்ஸி ஜாரைக் கையில் எடுத்துப் பார்த்தபடி சொன்னார்.

“‘இந்த வாட்டியும் பாதியில எழுந்து போறதா இருந்தா வரவே வேணாம் நைனா, போட்டோவுல பாத்துக்கோ’ன்னுட்டா.”

“நீங்க இன்னா சொன்னீங்கணா?”

“சிக்னல் கட்டாயிடுச்சி.”

“நெஜமாவா?”

“நாந்தான் கட் பண்ணேன்.” மிக்ஸி ஜாரை வைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தார். “நீ இதுல இன்னாமோ பண்ணிக்கினே இருக்கியே. இது மோட்டார் போடுமா?”

“போடும்ணா.”

“நிறுத்துமா?”

“நிறுத்தும்.”

“சீட்டாடுமா?”

அது ஆடாது என்று உறுதி சொன்னேன். அங்கிருந்துதான் தொடங்கியது.

தொட்டியின் மூடிக்குக் கீழே ஒரு சென்சார் வைப்பது என் ஏற்பாடு. அது காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பி, எதிரொலி வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும். தொட்டியின் மொத்த ஆழத்திலிருந்து அதைக் கழித்தால் தண்ணீரின் உயரம். எந்த உயரத்தில் போட வேண்டும், எதில் நிறுத்த வேண்டும் என்று மோட்டார்காரரிடம் கேட்டேன்.

“கணுக்கால் வந்தா போடணும். கழுத்து வந்தா நிறுத்தணும்.”

அவர் தொட்டியை ஓர் ஆளாகத்தான் நினைத்துவைத்திருந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நடுவிலும் உண்டு. தொட்டி கழுவுகிற நாளில் டேப்பை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே இறங்கினேன். அவர் குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொந்தரவு பண்ண வேண்டாமென்று கணுக்காலையும் கழுத்தையும் என் உடம்பிலேயே அளந்துகொண்டேன். நான் அவரைவிட ஒரு சாண் உயரம் என்பது அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை.

தொட்டியின் மூலையில், அழுக்குத் தண்ணீர் வெளியேறுவதற்காகத் தரையைவிடத் தாழ்வாக ஒரு குழி உண்டு. மூடி இருப்பது அதற்கு நேர் மேலே. சென்சாரையும் அங்கேதான் மாட்ட முடியும். ஆழத்தை நான் அளந்ததோ, நாங்கள் நின்ற தரை வரைக்கும். ஆகவே தொட்டி வற்றிக் குழியில் மட்டும் தண்ணீர் கிடந்தால், சென்சார் நான் அளந்த ஆழத்தைவிட அதிகமாகச் சொல்லும், கழித்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகும். இது எனக்கு முன்பே தெரியும். அதற்காகவே ஒரு வரி எழுதினேன்: உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். எழுதி முடித்ததும் என்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

பெட்டியைத் தொட்டியருகே மாட்டி, அங்கிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் ஒயர் இழுத்தோம். சொன்னபடி ஓடியது. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கினால் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், கீழே மோட்டார் போட்டுக்கொள்ளும். ஒரே குறை, நிறுத்துவதற்குள் தொட்டி வழிந்து பாறை முழுக்க ஓடியது. மோட்டார்காரர் வழிகிற தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடுது தம்பி. நல்லா ஓடுது.” பிறகு என் கழுத்தைப் பார்த்து, “இது யாரு கழுத்து?” என்றார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் காலை. அவர் சலவைச் சட்டை போட்டு, பையும், பேரனுக்கு வாங்கிய துணியுமாக வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் வரும்வரை என் கடையில் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் “தூரமா?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் “கணியம்பாடி” என்றார். சொல்லும்போதெல்லாம் கை அரைஞாணுக்குப் போய் வந்தது. நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தேன். என் கழுத்தை எடுத்துவிட்டு அவர் கழுத்தைப் போட்டு, திரும்பவும் ஏற்றி, கொண்டுபோய் மாட்டுவதுதான் பாக்கி. கம்பைலரை ஓட விட்டேன். வழக்கம்போலச் சிவப்பாக வந்தது.

“இன்னாடா தம்பி, திட்டுதா?”

“திட்டலண்ணா. வார்னிங்கு. எச்சரிக்கை மாதிரி.”

“இன்னா சொல்லுது? படி.”

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஊர்ப் பேச்சில் இவ்வளவு ஆசை வைத்திருக்கிற நான், என் லேப்டாப் பேசுவதை ஒருநாளும் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

“‘இங்க ஒண்ணுக்குப் பேர் வெச்சிருக்க, அத எங்கயுமே கூப்புடல’ங்குது.”

“யாரு வெச்ச பேரு?”

“அடுத்தவங்க எழுதினதுண்ணா. வாங்கிப் போட்டது.”

“புள்ளைக்குப் பேர் வெச்சிட்டுக் கூப்புடாத இருக்கறான். சரி, அடுத்தது.”

“‘ஒரு பேச்ச முடிக்காமலே அடுத்த பேச்சுக்குப் போற, வேணும்னுதான் போறியா’ங்குது.”

“எங்க மாமியார். அடுத்தது.”

“‘நீ ஒரு கேள்வி கேட்டிருக்க. அதுக்கு எப்பவுமே இல்லன்னுதான் பதில் வரும்’ங்குது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

“அப்புறம் இன்னாத்துக்கு அந்தக் கேள்வி? இது எவன் எழுதினது?”

வரி எண்ணைப் பார்த்தேன். “நான்” என்றேன்.

“இன்னா கேட்ட?”

“தண்ணி பூஜ்யத்துக்குக் கீழ போச்சான்னு.”

“சொல்லிட்டு இன்னா பண்ணுச்சி? நிறுத்திடுச்சா?”

“இல்லண்ணா. முடிச்சிக் குடுத்துடுச்சி. ஏத்திக்கலாம். ஓடும். அப்புறம்…”

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அது எப்படி முடியும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் மடியில் வைத்திருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

“ஓடும்னா ஏன் பேசுதுன்னு அன்னிக்கே கேட்டேன்” என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது.

புரோகிராமின் மேல் பகுதிக்குப் போய்ப் பார்த்தேன். எண்களில் இரண்டு வகை உண்டு. மைனஸ் தெரிந்தது, தெரியாதது. தண்ணீரின் உயரத்துக்கு நான் மைனஸ் தெரியாத வகையைத் தேர்ந்திருந்தேன். யோசித்துத்தான் தேர்ந்தேன், தண்ணீர் இல்லாததைவிடக் குறைவாக எப்படி இருக்கும்? ஆனால் அந்த வகை எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளினால், பைக்கின் கிலோமீட்டர் மீட்டரைப் பூஜ்யத்திலிருந்து பின்னால் திருகியது மாதிரி, எல்லாம் ஒன்பதாக உச்சத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘பூஜ்யத்துக்குக் கீழே போச்சா’ என்று அதனிடம் கேட்டால், இல்லை என்றுதான் சொல்லும். கீழே என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நான் மரியாதையோடு எழுதிவைத்த அந்த வரி, ஒருநாளும் வேலை செய்யாத வரி. கம்பைலர் அதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தது, மற்றவர்களைத் திட்டுகிற கும்பலுக்கு நடுவில் நின்றுகொண்டு.

மோட்டார்காரருக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னேன். “தொட்டி சுத்தமா காலியாச்சின்னா, நெறஞ்சி வழியுதுன்னு நெனச்சிக்கும்ணா. மோட்டார் போடாது.”

“இத்தினி நாளு போட்டுச்சே?”

“இத்தினி நாளு கணுக்காலுக்குக் கீழ போவலியே.”

“எப்ப போவும்?”

“ரொம்ப நேரம் கரண்ட் இல்லன்னா.”

இருவரும் வெளியே பார்த்தோம். மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் மலையில் காற்று அடித்தால் கரண்டு போகும். காற்று அடிக்கப் போகிறது என்றாலே போனதும் உண்டு.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. “நான் போவல” என்றார். பஸ் இன்னொரு முறை அடித்துவிட்டுப் போனது. அவர் பேரனின் துணி இருந்த பையை மடித்து, இன்னும் சிறிதாக மடித்தார்.

திருத்துவதற்கு நேரமே ஆகவில்லை. ஒரு சொல்லை அழித்தால் மைனஸ் தெரிந்த வகையாகிவிடும். அழித்தேன். கம்பைலரை ஓட விட்டேன்.

“இப்ப இன்னா சொல்லுது?”

“அந்த வரி போயிடுச்சிண்ணா. நம்மளப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமே சொல்லலியா?”

“ஒண்ணுமே.”

“எங்க வூட்ல ஒண்ணுமே சொல்லலன்னா அது கோவம்.”

அதுவும் நியாயம்தான். கம்பைலர் வாயை மூடிக்கொண்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. அது யாருடைய கழுத்து என்று கம்பைலர் ஒருநாளும் கேட்கவில்லையே. கேட்டவர் இவர்தான்.

ஆகவே கண்ணால் காட்டுவது என்று முடிவு செய்தேன். ஸ்டூல்மேல் ஒரு பக்கெட்டை வைத்து, பக்கெட்டின் ஆழத்தைத் தொட்டியின் ஆழமாக எழுதி, முதலில் பழைய புரோகிராமையே ஏற்றினேன். சென்சாரை மேலே பிடித்துக்கொண்டேன். பக்கெட்டில் தண்ணீர் குறைந்தபோது ‘டக்’ என்றது. நிரப்பியபோது நிறுத்தியது. பிறகு அவரைப் பக்கெட்டையும் ஸ்டூலையும் சேர்த்து எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். இப்போது சென்சாருக்குக் கீழே கடையின் தரை மட்டும். பெட்டி சத்தமே போடவில்லை.

“இப்ப இன்னா நெனக்குது?”

“தண்ணி நெறைய இருக்குதாம்.”

அவர் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “பக்கெட்டே இல்ல” என்றார். “நெறஞ்சிருக்குதாம்.”

புதியதை ஏற்றினேன். பக்கெட்டை வைத்தோம், நிரப்பினோம், எடுத்தோம். ‘டக்.’ அவரே இன்னொரு தடவை செய்து பார்த்தார். ‘டக்.’ பிறகு எனக்காக இல்லாமல் அவருக்காகவே ஒருதடவை செய்தார். அதற்கும் ‘டக்.’

பிறகு தொட்டியின் ஆழத்தையும் அவருடைய கழுத்தையும் எழுதி ஏற்றி, பெட்டியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தேன். மதியம் சாமை மூட்டைகளோடு ஒரு வேன் இறங்குவதாகத் தெரிந்தது. கிளம்பி நின்றுபோன பயணம் என்பதால், என் மனைவி அவரை உட்கார வைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, புதிதாகக் கிளம்ப வைத்தாள். அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்தார்.

“பொட்டிதான் பாத்துக்குமே. உனக்கு எதுக்கு சாவி” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

வேன் மலையிறங்கிய கொஞ்ச நேரத்தில் காற்று பிடித்தது. கரண்டு போனது. மறுநாள் காலையிலும் வரவில்லை. நான் பாறைமேல் ஏறித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. கீழே வீடுகளில் குடங்களை வெளியே எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். போன் அடித்தது.

“ஓடுதா?”

“கரண்ட் இல்லண்ணா.”

“தொட்டி?”

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். “குழியில மட்டும் இருக்குது.”

அந்தப் பக்கம் கோயில் மணி அடிப்பது கேட்டது. குழந்தை ஒன்று அழுதது.

“கரண்ட் வந்தா போட்டுக்கும்ணா. பக்கெட் எடுத்துப் பாத்தீங்கல்ல.”

“சாமியாரு உள்ள வர்றாரு” என்றார். போன் நின்றுவிட்டது. கட்டானதா, கட் பண்ணினாரா என்று தெரியவில்லை.

நான் தொட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடைக்கு இறங்கப் போன இரண்டு பெண்கள், நான் அங்கே என்ன செய்கிறேன் என்று கேட்காமல், “காத்தாட உக்காந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ‘தண்ணி எங்க’ என்பது அதன் அர்த்தம். வெயில் ஏறியது. கரண்டு வந்ததை முதலில் ஊரில் யாரோ ஒருவருடைய டிவி சொன்னது. நான் பெட்டியைப் பார்த்தேன்.

‘டக்.’

கீழே மோட்டார் இழுக்கத் தொடங்கிய சத்தம் மேலே வந்தது. கொஞ்ச நேரத்தில் குழாய் இருமி, காற்றைக் கக்கி, தண்ணீரைக் கொட்டியது. உடனே அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. அவர் போனை எடுக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஒருவேளை பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். மோட்டார் ஓடியும் பிரயோஜனமில்லாமல் போய்விடுமே.

தொட்டி அவருடைய கழுத்துக்கு வந்து, மோட்டார் தானாக நின்று, ஒரு சொட்டு வழியாமல், நான் பாறையிலிருந்து இறங்கப் போனபோது அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

“அண்ணா, எங்க இருக்கீங்க?”

“பந்தியில.”

“மோட்டார் தானா போட்டுக்கிச்சிண்ணா. தொட்டி நெறஞ்சிடுச்சி.”

“அத்த அப்புறம் சொல்லு. ரெண்டாவது வாட்டி பிரியாணி வெக்கறாங்க. எம் பொண்ணு பக்கத்துலயே நிக்குது, எழுந்திருக்க வுடல.” அவர் யாரிடமோ ‘போதும் போதும்’ என்றார். இன்னும் வைக்கச் சொல்கிற ‘போதும்’ அது. போன் நின்றது.

மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கியவர், நேராகப் பாறைமேல் ஏறித் தொட்டியைப் பார்த்துவிட்டு, பிறகுதான் கடைக்கு வந்தார். பேரன் தண்ணீர் ஊற்றும்போது அழவில்லை, சாமியாரைப் பிடித்து இழுத்தான் என்றார். போன் அடித்தது தெரியும், பையன் மடியில் இருந்ததால் எடுக்கவில்லை என்றார். எல்லாம் நன்றாக இருந்ததாம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கஷ்டமாகப் போனதாம். அதுவரைக்கும் எந்த விசேஷத்திலும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. சாப்பிட்ட பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் சம்பந்தியின் நிலத்துக்குப் போய் அவருடைய மோட்டாரைப் பார்த்திருக்கிறார்.

“எப்டி இருந்துச்சி?”

“ஸ்டார்டர்ல ஒயரு கருகி நிக்குது. கைய வெச்சா சுடுது.”

“சம்பந்திகிட்ட சொன்னீங்களா?”

“சொல்லாத இருப்பனா. ‘ஓடும். அப்புறம் உங்க இஷ்டம்’னேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“‘ஓடுமில்ல, அது போதும்’னாரு.”

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

“அண்ணா, மாத்துங்க, எரிஞ்சிடும்னு நேராவே சொல்லியிருக்கலாமில்ல?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

“அத்தத்தான சொன்னேன்” என்றார்.